சாவியும் சரி, பூட்டும் சரி

சேலத்து ஆலையிலிருந்து ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரத்துக்குக் கிளம்பும் லாரிக்குத் தார்ப்பாய் கட்டினால் மட்டும் போதாது. 12 இலக்க எண் ஒன்றும் கையில் வேண்டும். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் மாநிலம் கடக்கும் வண்டிக்கு இ-வே பில் கட்டாயம் என்ற விதி 2018 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுக்குள் ஓடும் சரக்குக்கு அதே ஆண்டு ஜூன் 2 முதல். இங்கே வரம்பு ஒரு லட்சம். நாளுக்கு நாலைந்து பில் போடும் கடைக்காரர் இணையதளத்தில் விவரங்களைத் தட்டி எண்ணை வாங்கிவிடுவார். நூற்றுக்கணக்கில் பில் போடும் நூற்பாலைக்கும் தீவன ஆலைக்கும் அது கட்டுப்படியாகாது. அவர்களுடைய கணக்கு மென்பொருளே தேசிய தகவலியல் மையத்தின் சர்வரோடு பேசி எண்ணை வாங்கிக்கொள்ளும். இதன் பின்னாலேயே இ-இன்வாய்ஸ் வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களோடு தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 அன்று ஐந்து கோடிக்கு வந்து நின்றது. ஐந்து கோடி விற்றுமுதல் என்பது திருச்செங்கோட்டிலோ பள்ளிபாளையத்திலோ பெரிய நிறுவனத்தின் அடையாளம் இல்லை. வங்கிகளும் ராணுவமும் கவலைப்படும் விஷயமாக இருந்த மறையாக்கம், சிறு நகரங்களில் பில்லிங் மென்பொருள் எழுதித் தருபவர்களின் மேசைக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

ஆலையின் மென்பொருளுக்கும் மையத்தின் சர்வருக்கும் இடையே நடப்பது சுருக்கமாக இதுதான். மென்பொருள் 32 பைட் நீளமுள்ள ஒரு சாவியைத் தற்செயலாக உருவாக்கி, அரசு கொடுத்திருக்கும் பொதுச் சாவியால் ஆர்.எஸ்.ஏ. முறையில் பூட்டி அனுப்புகிறது. சர்வர் அதைத் திறந்து பார்த்து, இந்த உரையாடலுக்கென்று இன்னொரு சாவியை உண்டாக்கி, வந்த சாவியாலேயே அதைப் பூட்டித் திருப்பி அனுப்புகிறது. இரண்டாவது சாவிக்கு ஆயுள் ஆறு மணி நேரம். அதுவரை போகிற பில்லும் வருகிற பதிலும் அந்தச் சாவியைக் கொண்டு 256 பிட் ஏ.இ.எஸ். முறையில் பூட்டப்பட்டே போய்வரும். எப்படிப் பூட்டுவது, எப்படித் திறப்பது என்பதற்கு மாதிரி நிரல்களும் கொடுக்கப்பட்டிருக்கின்றன, ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும். ஆனால் ஒரு ஆலையின் மென்பொருள் பி.எச்.பி.யில் இருக்கும், இன்னொன்று பைத்தானில், மற்றொன்று ஆண்ட்ராய்டு செயலியாக. மாதிரியைப் பார்த்துத் தன் மொழியில் எழுதியவருக்குச் சாவி சரியாகத்தான் தெரிகிறது. முறையின் பெயரும் ஏ.இ.எஸ்.தான். ஆனாலும் பதில் திறப்பதில்லை. அல்லது திறந்து குப்பையாகக் கொட்டுகிறது.

இந்த இடத்தில் பலரும் முதலில் சந்தேகப்படுவது நூலகத்தை. இந்த மொழியின் ஏ.இ.எஸ். சரியில்லை, அந்தத் தளத்தின் ஏ.இ.எஸ். வேறு மாதிரி என்று சொல்லி நூலகத்தை மாற்றிப் பார்ப்பார்கள். என் வாதம் இதற்கு நேர் எதிரானது: இரண்டு கருவிகளுக்கு இடையே மறைநீக்கம் தோற்கும்போது பிழை பெரும்பாலும் மறையாக்க முறையில் இருப்பதே இல்லை. முறையைச் சுற்றி யாரும் எழுதி வைக்காமல் விட்ட ஒப்பந்தங்களில்தான் இருக்கிறது. ஏ.இ.எஸ். என்பது ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு பெல்ஜியக்காரர்கள் வடிவமைத்தது. அமெரிக்கத் தர நிறுவனம் நான்கு ஆண்டுகள் போட்டி நடத்தித் தேர்ந்தெடுத்து, 2001 நவம்பர் 26 அன்று தரமாக வெளியிட்டது. அந்த ஆவணத்தின் பிற்சேர்க்கையில் ஒரு சாவி, 16 பைட் மூலத் தரவு, அதைப் பூட்டினால் வரவேண்டிய 16 பைட் விடை மூன்றும் அச்சிடப்பட்டிருக்கின்றன. இதே விடை சேலத்தில் ஓடும் விண்டோஸ் கணினியிலும் வரும், கைபேசியிலும் வரும், சிங்கப்பூரில் ஓடும் லினக்ஸ் சர்வரிலும் வரும். ஒரு பிட் மாறினாலும் அதற்கு ஏ.இ.எஸ். என்ற பெயரே கிடையாது. நாமக்கல் லாரித் தொழிலைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சேசிஸ் தொழிற்சாலையிலிருந்து ஒரே அளவில் வருகிறது. அதன் மேல் பாடி கட்டுவது உள்ளூர்ப் பட்டறை. ஒரு பட்டறையின் கதவு இன்னொரு பட்டறையின் வண்டியில் உட்காரவில்லை என்றால் சேசிஸை யாரும் குறை சொல்வதில்லை. ஏ.இ.எஸ். கொடுப்பது சேசிஸ் மட்டும்: 16 பைட் உள்ளே, 16 பைட் வெளியே. 16 பைட்டுக்கு மேல் நீண்ட கோப்பை எப்படித் துண்டாக்குவது, கடைசித் துண்டு குறைந்தால் எதை வைத்து நிரப்புவது, மனிதர் சொல்லும் கடவுச்சொல்லை எப்படிச் சாவியாக்குவது, விடையை எந்த எழுத்தில் எழுதி அனுப்புவது எல்லாம் பாடி கட்டும் வேலை. அங்கே ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வழக்கம் உண்டு.

சாவியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் சங்கடங்களில் பெரும்பங்கு அங்கேதான். நாம் சாவி என்று நினைப்பது எழுத்துகளை. கணினி சாவி என்று எடுத்துக்கொள்வது பைட்டுகளை. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு நடக்கிறது, அதை யார் எந்த விதியால் செய்தார்கள் என்பது வெளியே தெரிவதில்லை. ‘நாமக்கல்’ என்ற ஊர்ப்பெயரையே யாரோ சாவியாக வைத்தார் என்று கொள்வோம். வைக்கக்கூடாது என்பது வேறு கதை. யூனிகோடு கணக்கில் அதில் எட்டுக் குறிகள்: ந, துணைக்கால், ம, க, புள்ளி, க, ல, புள்ளி. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்; மொத்தம் 24. டாட்நெட் உலகில் ‘யூனிகோடு’ என்ற பெயரில் கிடைப்பது யூ.டி.எஃப்-16, அதில் குறிக்கு இரண்டு பைட், மொத்தம் 16. ஏ.இ.எஸ். ஏற்கும் சாவி நீளங்கள் மூன்றே மூன்று: 16, 24, 32 பைட். ஆகவே இரண்டு கணினிகளுமே முகம் சுளிக்காமல் சாவியை வாங்கிக்கொள்ளும். ஒன்று 128 பிட் ஏ.இ.எஸ். கொண்டு பூட்டும், மற்றது 192 பிட் ஏ.இ.எஸ். கொண்டு திறக்கப் பார்க்கும். சாவி ஏற்கப்பட்டுவிட்டதால் பிழை அங்கே இல்லை என்று நிரலாளர் நம்பிவிடுவார்; தேடல் அப்புறம் தவறான தெருவில்தான் நடக்கும்.

இதைவிட நுட்பமான பொறி தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. ‘கொல்லிமலை’யின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ‘ொ’ என்ற ஒரே குறியை வைக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறிகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், அச்சிலும் அப்படியே. முதல் வகையில் அந்தச் சொல் யூ.டி.எஃப்-8 கணக்கில் 27 பைட், இரண்டாம் வகையில் 30. விசைப்பலகை ஒரு விதமாகக் கொடுத்ததை இடையில் உள்ள ஏதோ ஒரு நிரல் இன்னொரு விதமாக மாற்றிவிட்டால், கடவுச்சொல் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தும் தவறாகிவிடும். இதைச் சரிசெய்ய யூனிகோடு அமைப்பே சீர்வடிவம் ஒன்றை வரையறுத்திருக்கிறது. இரு பக்கமும் அந்த வடிவத்துக்கு மாற்றிய பிறகே பைட்டாக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளை மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதில்லை. அதனாலேயே கடவுச்சொல்லைத் தமிழில் வைக்காதீர்கள் என்ற அறிவுரை பரவலாகிவிட்டது. நோய்க்கு மருந்து இருக்கும்போது நோயாளியை ஊரைவிட்டு அனுப்புவது போன்ற அறிவுரை அது.

கடவுச்சொல்லை நேரடியாகச் சாவியாக்குவது ஆபத்து என்பதால் நல்ல கருவிகள் அதை அரைத்துச் சாவி எடுக்கின்றன. எந்த ஆட்டுரல், எத்தனை சுற்று என்பதில்தான் தகராறு. ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையில் ஒரு கோப்பைக் கடவுச்சொல் கொடுத்துப் பூட்டினால், பழைய பதிப்புகள் எம்.டி.5 என்ற ஹாஷைக் கொண்டு சாவி எடுத்தன. 2016இல் வந்த 1.1.0 பதிப்பு ஷா-256க்கு மாறியது. கட்டளை அதேதான், கடவுச்சொல்லும் அதேதான், ஆனால் பழைய கணினியில் பூட்டியது புதிய கணினியில் திறக்காது. கோப்பின் தலையில் உப்பு என்று சொல்லப்படும் எட்டு பைட் தற்செயல் எண் எழுதப்பட்டிருக்கும்; எந்த ஹாஷ் பயன்பட்டது என்பது எழுதப்பட்டிருக்காது. இணையப் பக்கங்களில் பரவலாக இருக்கும் கிரிப்டோஜேஎஸ் நூலகமோ, சரமாக எதைக் கொடுத்தாலும் அதைக் கடவுச்சொல் என்று எடுத்துக்கொண்டு பழைய எம்.டி.5 வழியிலேயே சாவி எடுக்கிறது. 32 எழுத்துள்ள சாவியைக் கொடுத்துவிட்டோம் என்று ஒரு பக்கம் நினைத்திருக்க, அந்த 32 எழுத்தையும் வேறொரு சாவியாக மறு பக்கம் அரைத்துவிட்டிருக்கும். பி.எச்.பி.யின் ஓப்பன்எஸ்எஸ்எல் செயற்கூறு இன்னும் தாராளம். சாவி குறைந்தால் சுழியங்களை ஒட்டிக்கொள்ளும், கூடினால் வெட்டிவிடும். இரண்டையும் சொல்லாமலே செய்யும். இப்படி மௌனமாக உதவும் கருவிகளைவிட, நீளம் தவறு என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் பைத்தான் நூலகங்கள் எவ்வளவோ மேல்.

இ-வே பில் உரையாடலுக்கே உரிய ஒரு தவறு உண்டு. சர்வர் அனுப்பும் இரண்டாவது சாவியைத் திறந்தால் கிடைப்பது 32 தற்செயல் பைட்டுகள். அவை எழுத்துகள் அல்ல. ஆனால் மறைநீக்கத்தின் விடை படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற பழக்கத்தில், அதைச் சரமாக மாற்றி ஒரு மாறியில் போட்டுவைப்பது பலருக்குக் கை வந்துவிட்ட செயல். யூ.டி.எஃப்-8 விதிக்குப் பொருந்தாத பைட் வரும்போதெல்லாம் மாற்றும் நிரல் அதைத் தூக்கிவிட்டு ஒரு பதிலிக் குறியை வைக்கும். அந்தக் குறிக்கு மூன்று பைட். 32ஆக இருந்த சாவி அறுபது, எழுபது என்று வீங்கும், பிறகு எங்கோ வெட்டுப்பட்டு மறுபடி 32 ஆகும். அதற்குள் அது வேறு சாவி. இப்படிப்பட்ட பைட்டுகளைப் பத்திரமாக எழுத்தில் கொண்டுபோகத்தான் பேஸ்64 இருக்கிறது. 32 பைட்டை அது 44 எழுத்தாக்கும். அதிலும் வழக்கங்கள் பலவகை. ஆண்ட்ராய்டின் இயல்பு அமைப்பு 76 எழுத்துக்கு ஒருமுறை வரியை உடைக்கும். இணைய முகவரிக்கான வகை, கூட்டல் குறியையும் சாய்கோட்டையும் வேறு குறிகளாக மாற்றும். சாதாரண வகையை அப்படியே இணையப் படிவம் வழியாக அனுப்பினால் கூட்டல் குறி வெற்றிடமாகிவிடும். விண்டோஸின் பழைய பவர்ஷெல்லில் அம்புக்குறி போட்டு ஒரு கட்டளையின் வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால், அது யூ.டி.எஃப்-16 உரையாகச் சேமிக்கப்படும்; பூட்டிய கோப்பை அப்படிச் சேமித்தவர் அதை அந்த நொடியே சிதைத்துவிட்டார்.

அடுத்தது துண்டாக்கும் முறை. இ.சி.பி. என்ற முறை ஒவ்வொரு 16 பைட் துண்டையும் தனித்தனியே பூட்டுகிறது. சி.பி.சி. முறை, முந்தைய துண்டின் விடையை அடுத்த துண்டோடு கலந்து பூட்டுகிறது. முதல் துண்டுக்கு முந்தையது இல்லாததால் தொடக்க மதிப்பு என்ற 16 பைட்டைக் கேட்கிறது. ஜாவாவில் வெறுமனே ஏ.இ.எஸ். என்று கேட்டால் இ.சி.பி. வரும். டாட்நெட்டில் எதுவும் சொல்லாவிட்டால் சி.பி.சி. பைத்தானின் பைகிரிப்டோடோம் முறையைச் சொன்னால்தான் வேலையைத் தொடங்கும். நிரப்பலிலும் இதே நிலைதான். ஜாவாவும் டாட்நெட்டும் பி.கே.சி.எஸ். நிரப்பலைத் தாமே போடும், தாமே எடுக்கும். ஜாவா அதை 5 என்ற எண்ணாலும் டாட்நெட் 7 என்ற எண்ணாலும் அழைத்தாலும் இந்த இடத்தில் இரண்டும் ஒன்றே. பைகிரிப்டோடோம் கேட்டால் ஒழிய நிரப்பாது. பி.எச்.பி.யின் பழைய எம்கிரிப்ட் சுழியங்களால் நிரப்பியது. அந்த எம்கிரிப்ட்டில் ரைன்டால்-256 என்ற தேர்வு ஒன்று உண்டு. 256 பிட் ஏ.இ.எஸ். வேண்டும் என்று அதைத் தேர்ந்தவர்கள் ஏராளம். அங்கே 256 என்பது சாவியின் நீளமல்ல, துண்டின் நீளம். ஏ.இ.எஸ். தரத்தில் துண்டு எப்போதும் 128 பிட்தான். ஆகவே அது ஏ.இ.எஸ்.ஸே இல்லை, வேறெந்தக் கருவியின் ஏ.இ.எஸ்.ஸாலும் அதைத் திறக்க முடியாது. 2017இல் வந்த பி.எச்.பி. 7.2 எம்கிரிப்ட்டை நீக்கியபோது, பழைய தரவுத்தளங்களை வைத்திருந்தவர்களுக்கு இந்த உண்மை ஒரே நாளில் தெரியவந்தது.

இந்த வேறுபாடுகள் எல்லாம் விடையில் தடம் விட்டுப் போகின்றன. அதுதான் நமக்குக் கைகொடுக்கும் விஷயம். சி.பி.சி.யில் முதல் 16 பைட் மட்டும் குப்பையாகி மீதி தெளிவாகப் படிக்க முடிந்தால், சாவி சரி, தொடக்க மதிப்பு தவறு. அதற்கு நேர்மாறாக முதல் 16 பைட் சரியாகி மீதி குப்பையானால், தொடக்க மதிப்பைச் சுழியங்களாக வைத்து சி.பி.சி.யில் பூட்டியதை இ.சி.பி.யில் திறந்திருக்கிறோம். உரை சரியாக வந்து வாலில் கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒட்டியிருந்தால் நிரப்பல் வேறு. நீளம் 16இன் மடங்கில்லை என்று கருவி அலறினால், மறையாக்கத்தைத் தொடவே வேண்டாம். பேஸ்64ஐ அவிழ்க்க மறந்திருக்கிறோம், இல்லையென்றால் வழியில் பைட்டுகள் சிந்திவிட்டன. தொடக்கம் முதல் முடிவு வரை குப்பை என்றால் சாவியின் பைட்டுகள் வேறு. காலையில் வேலை செய்த நிரல் பிற்பகலில் தோற்றால், ஆறு மணி நேரம் முடிந்து சாவி மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். புதிய ஜி.சி.எம். முறையில் இப்படித் துப்புக் கிடைக்காது. ஒரு பைட் மாறினாலும் முழுதும் மறுக்கப்படும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது, தரவு மாறவில்லை என்பதற்குச் சான்றாக வரும் 16 பைட் முத்திரையை. ஜாவா அதைப் பூட்டிய தரவின் வாலிலேயே ஒட்டிக் கொடுக்கிறது, டாட்நெட் தனியாகக் கொடுக்கிறது. ஆர்.எஸ்.ஏ.யிலும் இப்படி ஒரு புதைகுழி: ஓ.ஏ.இ.பி. நிரப்பலை ஷா-256 என்று சொல்லிக் கேட்டால், ஜாவா உள்ளே ஒரு பகுதிக்கு மட்டும் பழைய ஷா-1ஐ வைத்துக்கொள்ளும், டாட்நெட் இரண்டு பகுதிக்கும் ஷா-256 வைக்கும்.

இவ்வளவு யோசிப்பானேன், மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் ஏதோ ஒன்று வேலை செய்துவிடாதா என்று கேட்கலாம். செய்யும், பிரச்சினையே அதுதான். தவறான சாவியால் திறந்தாலும் கடைசி பைட் தற்செயலாகச் சரியான நிரப்பல்போல அமைய ஏறக்குறைய 256இல் ஒரு வாய்ப்பு உண்டு. பிழைச் செய்தி வரவில்லை என்பது திறந்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது. இன்னொன்று, குருட்டுத் தேடல் எப்போதும் பாதுகாப்பு குறைந்த பக்கமே சாயும். நிரப்பல் சோதனையை நிறுத்தினால் பிழை மறையும், தொடக்க மதிப்பைச் சுழியமாக்கினால் ஒரு பொருத்தப் பிரச்சினை குறையும், இ.சி.பி.க்கு இறங்கினால் தொடக்க மதிப்பே தேவையில்லை. ஒவ்வொரு படியிலும் நிரல் ஓடத் தொடங்குவதற்கு ஒரு படி அருகில் வருகிறது, பூட்டு ஒரு படி தளர்கிறது. இ-வே பில், இ-இன்வாய்ஸ் இடைமுக ஆவணங்கள் இ.சி.பி.யையே கேட்கின்றன. அதற்கு ஒரு நியாயம் உண்டு: ஆயிரக்கணக்கான சிறு நிரலாளர்கள் பல மொழிகளில் எழுதப்போகிறார்கள், ஒத்துப்போக வேண்டிய விஷயம் ஒன்று குறைந்தால் நல்லது, உரையாடல் முழுதும் எப்படியும் எச்.டி.டி.பி.எஸ். பாதுகாப்புக்குள்தானே நடக்கிறது. அந்த நியாயத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். ஒரே 16 பைட் இரண்டு முறை வந்தால் இ.சி.பி. ஒரே விடையை இரண்டு முறை காட்டிவிடும். இந்தக் குறை மாணவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தரப்படுவது. அரசு ஆவணத்தில் பார்த்த முறையைத் தன் கோப்புச் சேமிப்புக்கும் எடுத்துக்கொள்ளும் இளைஞருக்கு வெளியே எச்.டி.டி.பி.எஸ். சுவர் இருக்காது.

கருவிகளே காரணத்தைச் சொல்லிவிட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. சாவி தவறு, நிரப்பல் தவறு, முத்திரை தவறு என்று பிரித்துச் சொல்ல ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? இதற்குக் கசப்பான வரலாறு இருக்கிறது. நிரப்பல் சரியா தவறா என்ற ஒரே ஒரு விவரத்தைச் சர்வர் கசியவிட்டால், சாவி தெரியாமலே சி.பி.சி.யில் பூட்டிய செய்தியை பைட் பைட்டாகப் படித்துவிடலாம் என்று செர்ஜ் வோதனே 2002இல் காட்டினார். ஆர்.எஸ்.ஏ.க்கு அதேபோன்ற ஓட்டையை டேனியல் பிளைகன்பாகர் 1998லேயே காட்டியிருந்தார். 2010இல் வோதனே காட்டிய வழியில் மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி. டாட்நெட் இணையதளங்களையே திறக்க முடியும் என்று தெரிந்து, அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. ஆக, மறைநீக்கக் கருவி வாயை மூடிக்கொண்டிருப்பது சோம்பலால் அல்ல. வெளியாருக்கு அது மௌனமாகத்தான் இருக்க வேண்டும். தன் மேசையில் சோதிக்கும் நிரலாளர் விவரத்தைத் தானே வரவழைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா விவரங்களையும் கோப்பின் தலையிலேயே எழுதிவிட்டால் இந்த வாதமே தேவையில்லையே என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். முறையையும் உப்பையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் தன்னோடு சுமந்து வரும் வடிவங்கள் இருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் அவற்றையே எடுக்கலாம். ஆனால் கோப்பு சொல்வதை அப்படியே நம்பக்கூடாது. கையொப்ப முறை எது என்று தலையில் எழுதிவரும் ஒரு வடிவத்தில், ‘முறை எதுவும் இல்லை’ என்று எழுதி அனுப்பினால் பல நூலகங்கள் சோதிக்காமலே ஏற்றுக்கொண்டன என்பது 2015இல் வெளிவந்தது. தலையில் எழுதியிருப்பதும் நாம் எதிர்பார்ப்பதும் ஒன்றா என்று பார்த்த பிறகே திறக்க வேண்டும். வடிவத்தின் பெயர் ஒன்றாக இருப்பதும் போதாது. ஜிப் கோப்பில் பழைய பூட்டும் ஏ.இ.எஸ். பூட்டும் உண்டு; பைத்தானோடு வரும் ஜிப் கருவி பழையதை மட்டுமே திறக்கும், எத்தனை முறை சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் சரி. இ-ஆதார் பி.டி.எஃப். விஷயத்தில் இந்தக் குழப்பம் குறைவு. பெயரின் முதல் நான்கு எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த ஆண்டு நான்கு இலக்கத்தில் என்று விதி முழுதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பெரிய எழுத்து என்ற ஒரு விவரம் விட்டுப்போயிருந்தால் பிரவுசிங் சென்டர்களில் எத்தனை மணி நேரம் வீணாகியிருக்கும்!

அப்படியானால் தேட வேண்டிய வரிசை தெளிவாகிறது. நம் நிரலுக்கு முதலில் கொடுக்க வேண்டியது அரசின் பதிலை அல்ல, ஏ.இ.எஸ். ஆவணத்தில் அச்சிட்டிருக்கும் சாவியையும் மூலத்தையும். விடை பொருந்திவிட்டால் நூலகத்தின் மீதுள்ள சந்தேகம் அத்தோடு முடிந்தது. பொருந்தாவிட்டால் முறையையோ நிரப்பலையோ நாம் தவறாகக் கேட்டிருக்கிறோம். பிறகு இரு பக்கமும் சாவியின் பைட் எண்ணிக்கையை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். 32 என்று ஒரு பக்கமும் 44 என்று மறு பக்கமும் வந்தால் பேஸ்64 அவிழ்க்கப்படவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எண்ணிக்கை ஒத்துவந்தால் அடுத்தது உள்ளடக்கம். ஆறு மணி நேரத்தில் சாகும் உரையாடல் சாவி, மனிதர் சொன்ன கடவுச்சொல்லாக இல்லாமல் தற்செயலாகப் பிறந்ததென்றால், அதன் ஷா-256 ஹாஷை இரு பக்கமும் எடுத்துத் தொலைபேசியிலேகூட ஒப்பிடலாம். சாவி வெளியே போகாது. கடவுச்சொல்லின் ஹாஷை அப்படி வாசித்துவிடக்கூடாது, அதை ஊகித்துச் சரிபார்க்க எதிராளிக்கு அதுவே போதும். தொடக்க மதிப்பு, பூட்டிய தரவின் நீளம், நிரப்பலை எடுக்கும் முன் உள்ள கடைசி 16 பைட் ஆகியவை அதற்குப் பின்னால் வரலாம். மாதிரி நிரல் கொடுக்கும் நிறுவனங்கள் அதோடு ஒரு மாதிரிச் சாவியையும் மாதிரி விடையையும் பைட்டுகளாக அச்சிட்டால் இந்த வேலையில் பாதி தேவைப்படாது. ஜாவா நிரலைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு, தன் விடை சரியா என்று சரிபார்ப்பது வேறு. இரண்டாவதற்கு ஜாவா தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பழைய கோப்பு ஒன்றைப் பூட்டியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், கடவுச்சொல் இருக்கிறது, எந்த வழக்கத்தில் பூட்டினார் என்பது மட்டும் தெரியாது என்ற நிலை வந்தாலும் பதற வேண்டியதில்லை. எழுத்தைப் பைட்டாக்க மூன்று வழி, சாவி எடுக்க நான்கு வழி, துண்டாக்க மூன்று, நிரப்ப மூன்று என்று வைத்தாலும் மொத்தம் 108 சேர்க்கைகள்தான். சாவி எடுக்கும் வழியில் சுற்றுகள் அதிகமில்லாத வரை, சிறு கோப்பென்றால் கணினிக்கு அது ஒரு நொடி வேலை. படிக்கத்தக்க உரை வந்ததா என்பதை மட்டும் கூடவே சோதிக்க வேண்டும். ஆனால் 32 பைட் தற்செயல் சாவியை யூ.டி.எஃப்-8 சரமாக மாற்றித் தரவுத்தளத்தில் வைத்து, மூலத்தை அழித்துவிட்டவரின் கதை வேறு. தற்செயல் பைட்டுகளில் சராசரியாகப் பாதி 127ஐத் தாண்டியிருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றின் இடத்தில் ஒரே பதிலிக் குறிதான் உட்கார்ந்திருக்கும். ஏறக்குறைய 16 பைட்டுகள், ஒவ்வொன்றுக்கும் 128 சாத்தியங்கள். அவற்றை வரிசையாக முயன்று பார்ப்பதென்றால் 2இன் 112ஆவது அடுக்கு அளவுக்கு முயற்சிகள் வேண்டும். நொடிக்கு லட்சம் கோடி சாவிகளைச் சோதிக்கும் கணினி கிடைத்தாலும், பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு காலம் அது ஓடிக்கொண்டிருக்கும்.